தேநீர்க்கடை அரசியலா, உடுக்கைப் பாட்டா?

2014 ஜூலை 8 அன்று நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் பிரேசில் ஜெர்மனியிடம் 1–7 என வீழ்ந்தபோது, கோயம்புத்தூரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. முதல் அரைமணி நேரத்துக்குள் ஐந்து கோல்களைக் கண்ட என்னைப் போன்ற ரசிகனுக்கு, ஆற்றிக்கொள்ள இரண்டு வழிகள் இருந்தன. தேநீர்க்கடை அரசியல் உடனே சூடு தரும்: கோப்பைச் செலவையும் எதிர்த்து பிரேசில் மக்கள் 2013-இல் வீதிக்கு வந்ததையும், தோற்ற ஆண்டிலேயே தில்மா ரூசெஃப் மீண்டும் அதிபரானதையும் சொல்லி வாதாடலாம்; ஆனால் இரண்டாவது கோப்பைத் தேநீருக்குள் அது உள்ளூர்க் கட்சிச் சண்டையாகிவிடும்.

கொங்கு நாட்டு உடுக்கையடிப் பாட்டோ வேறு வகை. வீரச் சகோதரர்களான பொன்னரும் சங்கரும் மடிகின்ற அண்ணன்மார் கதையை இரவிரவாகப் பாடும் கலைஞர், வீழ்ச்சியை அவசரமாகக் கடக்காமல், கேட்பவர் அழுது தீர்க்கும்வரை அங்கேயே நின்று பாடுகிறார். காயத்தால் அன்று ஆடாத பிரேசில் நட்சத்திரம் நெய்மார் ஆடியிருந்தால் என்னும் புலம்பலுக்கு (நானும் புலம்பியவன்தான்) அங்கே இடமில்லை. எனக்கு உடுக்கைதான் ஒத்துவந்தது.