நகத்தைப் பார்த்தே நோய் சொல்லி மருந்து விற்கிறார்கள், உஷார்!

கல்யாண மண்டபங்களில் "இலவச உடல்நல முகாம்" என்று நடத்தி, கை நகத்தைப் பார்த்தே வியாதியைச் சொல்லி மருந்து விற்கும் கும்பல் ஒன்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. என் அக்கா அவர்களிடம் 6,800 ரூபாய் கொடுத்தாள். பணம் போனதைவிட, அதனால் அவள் உடம்பு பட்ட பாடுதான் என்னை எழுத வைக்கிறது.

அக்காவுக்கு வயது 43. கை நகங்கள் வெளிறி, நடுவில் குழிந்து, ஓரங்கள் மேலே தூக்கிக்கொண்டு நின்றன. கட்டைவிரல் நகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் அப்படியே நிற்கும். முகாமில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கல்லீரல் பலவீனம், கால்சியமும் இல்லை" என்றாராம். ரத்தம் எடுக்கவில்லை. மாதவிடாய் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லீரலைச் சுத்தம் செய்ய ஒரு பொடி, நகத்துக்கும் முடிக்கும் பயோட்டின் என்கிற வைட்டமின் மாத்திரை, தடவிக்கொள்ள எண்ணெய். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அதன்பிறகு அவளுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. அரிசி களையும்போதெல்லாம் பச்சரிசியை அள்ளி மென்றாள். போன் செய்து சொன்னபோது, "உடம்பிலிருக்கும் கழிவு வெளியேறுகிறது, மருந்தை நிறுத்திடாதீங்கம்மா" என்று பதில் வந்தது. இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஹீமோகுளோபின் 6.9. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருந்ததால் மாதாமாதம் ரத்தம் அதிகமாகப் போய், இரும்புச்சத்து வற்றிவிட்டது. குழிந்த நகமும், பச்சரிசி மேல் வந்த ஆசையும் அதற்கான அறிகுறிகள்தான் என்றார் டாக்டர்.

இன்னொரு குழப்பம், தைராய்டு ரிப்போர்ட். அதிகமாகச் சுரப்பதுபோல் காட்டியது. சாப்பிடும் மாத்திரைகளைக் கொண்டுவரச் சொன்ன டாக்டர், பயோட்டின் டப்பாவைப் பார்த்ததும் அதை நிறுத்திவிட்டு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்தது! பயோட்டின் ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும். அந்த மாத்திரையில் 10,000. இந்த அளவு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனை முடிவுகளையே புரட்டிவிடும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்ட்கூடக் குறைத்துக் காட்டலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017-இலேயே எச்சரித்திருக்கிறது. முடிக்கோ நகத்துக்கோ இதைச் சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நகத்தில் வரும் வெள்ளைப் புள்ளிக்குக் கால்சியம் விற்பவர்களையும் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது எங்கேயோ இடித்துக்கொண்ட தடம். நகம் வளர வளரப் போய்விடும். நீளவாட்டில் வரும் மெல்லிய வரிகள் வயதானால் எல்லோருக்கும் வரக்கூடியவை. ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு விழுந்து அகலமாகிக்கொண்டே போனால், தள்ளிப்போடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டிய விஷயம் அது.

ஹீமோகுளோபின் டெஸ்டும் இரும்புச்சத்து மாத்திரையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இப்படி ஏமாந்தவர்கள் துண்டுச்சீட்டு, டப்பா எதையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். நாங்கள் கொடுத்துவிட்டோம்.