நடிப்பு கற்க: குழுப் பட்டறையா, வீட்டுக்கு வரும் ஆசிரியரா?

சென்னை தண்டையார்பேட்டையில் இருந்துகொண்டு நடிப்பும், உடலசைவாலேயே கதை சொல்லும் உடல்மொழி அரங்கும் கற்க விரும்பியபோது என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நகரின் மறுகோடியில் வார இறுதிகளில் நடக்கும் குழுப் பட்டறை. மற்றது, வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் ஆசிரியர். முதலாவதில் ஆறு மாதம் பயின்றேன். கடந்த ஓராண்டாக ஆசிரியர் ஒருவர் எங்கள் மொட்டைமாடிக்கு வருகிறார்; 12 வயது மகளும் 68 வயது அம்மாவும் என்னுடன் கற்கிறார்கள்.

கட்டணத்தில் தனி வகுப்பே அதிகம். பயணத்தை ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்ட பிறகு போய்வருவது எளிதாகிவிட்டது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது திருத்தம்தான். இரண்டு மணி நேர வகுப்பில் 20 பேர் இருந்தால், ஒருவருக்குக் கிடைப்பது ஆறு நிமிடம். பல ஆண்டுகள் மேசை வேலை பார்த்ததால் என் வலது தோள் சற்றே தூக்கி நிற்கும். பட்டறையில் அரசனாக நடித்தபோதும் கூலித் தொழிலாளியாக நடித்தபோதும் அதே தோளோடுதான் நடந்திருக்கிறேன், அதை யாரும் கவனிக்கவில்லை. தனி ஆசிரியரோ முதல் நாளே என்னை மாடியில் பத்து முறை நடக்கவிட்டு, ஒன்றும் பேசாமல் பார்த்திருந்துவிட்டு, தோளைத் தொட்டு, மூச்சை அங்கேதான் பிடித்துவைக்கிறீர்கள் என்றார்.

1956-இல் பாரிஸில் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெக்கோக், எந்த உணர்ச்சியும் காட்டாத முகமூடியைத் தம் பயிற்சியின் அடிப்படைகளில் ஒன்றாக வைத்தார். முகம் மறைந்துவிட்டால் முதுகுத்தண்டும் பாதமும் மூச்சும்தான் பேச வேண்டும் என்பதால், நடிப்பவரின் சொந்தப் பழக்கம் எதுவானாலும் அப்பட்டமாக வெளியே தெரிந்துவிடும். பட்டறையில் ஒரே முகமூடி கைமாறிக்கொண்டிருந்ததால் ஆறு மாதத்தில் இரண்டு முறைதான் அதை அணிந்தேன். வீட்டில் மூன்று வாரம் தொடர்ந்து அணிந்த பிறகே என் தோள் இறங்கியது. இந்த ஒரு மாற்றத்துக்காகவே கூடுதல் கட்டணம் தகும் என்று கருதுகிறேன்.

வயது வேறுபாட்டிலும் இதே கவனம் உதவுகிறது. பட்டறையில் எல்லோருக்கும் ஒரே உடற்பயிற்சிதான். சிமெண்ட் தரையில் குதித்துக் குதித்து எனக்கு முழங்கால் வலி வந்தது. எங்கள் ஆசிரியர் அம்மாவை நாற்காலியில் அமர்த்தி, மூச்சுக்கும் கைகளுக்கும் மட்டும் பயிற்சி தருகிறார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கும் அம்மாவின் விரல்கள், மீனே இல்லாத இடத்தில் மீனைக் காட்டிய அன்று நாங்கள் மூவரும் வாயடைத்துப் போனோம்.

குழுவுக்குரிய வலிமையை மறுக்க முடியாது. தெருக்கூத்துக் கலைஞர்கள் குழுவோடு இருந்து, பார்த்துப் பார்த்தே கற்றவர்கள், 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவும் அந்த மரபிலிருந்து எடுத்துக்கொண்டு குழுவாகவே வளர்ந்தது. ஒருவர் மீது ஒருவர் எடையைச் சாய்த்துச் சமன் செய்யும் பயிற்சிக்கு ஏறத்தாழ ஒத்த எடையுள்ள துணை வேண்டும். என் எடை 78 கிலோ, மகளின் எடை 36 கிலோ. அவளைத் தாங்கக் கற்றேனே தவிர, என்னை ஒருவர் தாங்கும்போது உடலை எப்படி ஒப்படைப்பது என்பதை நான் இன்னும் கற்கவில்லை.

பிள்ளைகளைப் பொறுத்தவரை உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. பார்த்தது என் மகள் ஒருத்தியைத்தான். தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாட்டாகக் கற்பது அவளுக்கு இன்னும் பொருந்தலாம் என்று தோன்றுவதால், வரும் மே விடுமுறையில் அவளை மட்டும் ஒரு குழுப் பட்டறையில் சேர்க்கவிருக்கிறேன். நானும் அம்மாவும் மாடியிலேயே தொடர்கிறோம்.