ஜோங்காவா, ஜிப்ஸியா?

ராணுவம் கழித்த வண்டியை ஏலத்தில் எடுத்துப் புதுப்பிக்க விரும்பும் கிருஷ்ணகிரி நண்பர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு ஜீப் வகை வண்டிகளுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

நிசான் நிறுவனத்தின் ‘பேட்ரோல்’ ஜீப்பை ஒட்டி ஜபல்பூரில் 1969 முதல் தயாரானது ஜோங்கா. எங்கள் பட்டறைப் புளியமரத்தடியில் ஒன்று நிற்கிறது. தரைவிரிப்பைத் தூக்கியதும் தகடு அப்பளமாக நொறுங்கியது. ஆனால் அடியிலிருந்த சேஸிஸ் சட்டத்தைச் சுத்தியலால் தட்டினால் மணிபோல் கணீரென்றது. கார்புரேட்டர் கிண்ணத்தில் விரல்கடை உயரத்துக்குத் துரு வண்டல். அந்தத் துரு வரும் பெட்ரோல் டேங்கைக் கழுவாமல் கார்புரேட்டரை மட்டும் சுத்தம் செய்வது வீண் வேலை. அதன் 3,956 சிசி ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினைப் பலர் எரிபொருள் செலவுக்கு அஞ்சி எடுத்துவிட்டு, டீசல் இன்ஜினைப் பொருத்துகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த இன்ஜின்தான் வண்டியின் உயிர். நான்கு சக்கரங்களிலும் சூடேறினால் பிடி தளரும் டிரம் பிரேக் என்பதால், தொப்பூர் கணவாயில் கியரைக் குறைத்தே இறங்க வேண்டும்.

மாருதியின் ஜிப்ஸி எளிது. 1,298 சிசி இன்ஜின் மாருதி எஸ்டீம் கார் இன்ஜினின் குடும்பம்; உதிரிபாகங்களுக்கு ஓசூரைத் தாண்ட வேண்டியதில்லை. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் இருக்கிறது. தகடு மெல்லியது, துருவை மட்டும் கவனியுங்கள்.

முதல்முறை கைவைப்பவருக்கு ஜிப்ஸி. பொறுமையும் நல்ல வெல்டரும் வாய்த்தவருக்குத் தயங்காமல் ஜோங்காவைச் சொல்வேன். எதுவானாலும் ஏலப் பத்திரங்களைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். பழைய ஆலிவ் பச்சையை மட்டும் மீண்டும் அடிக்காதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121 அந்த நிறத்தைப் பாதுகாப்புத் துறைக்கே ஒதுக்கியிருக்கிறது.