எம்-சாட்-ஆர் வினாத்தாள்: மூத்தவருக்கு ஓட்டிசம் உள்ள வீட்டுக்கு

மூத்த பிள்ளைக்கு ஓட்டிசம் என்றால், அடுத்ததுக்கும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. திருகோணமலையில் அப்படியான வீடுகளுக்கு, சின்னப் பிள்ளையிடம் ஓட்டிச அடையாளங்கள் இருக்கின்றனவா என்று பெற்றோரைக் கேட்கும் எம்-சாட்-ஆர் என்ற இந்த இலவச வினாத்தாளைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம். வயது 16 முதல் 30 மாதம், கேள்விகள் 20.

பிழை வருவது புள்ளியிடும்போதுதான். 2, 5, 12ஆம் கேள்விகளுக்கு ‘ஆம்’ என்றால் ஒரு புள்ளி. மற்றவற்றுக்கு ‘இல்லை’ என்றால் ஒரு புள்ளி. இதை மாற்றிக் கூட்டினால் முடிவே பிழைக்கும். 3 முதல் 7 வரை வந்தால் தொடர் கேள்விகள் கேட்கவேண்டும். அதிலும் 2 அல்லது அதற்கு மேல் நின்றால் முழுப் பரிசோதனை. 8 தொட்டால் நேரே பிள்ளை வைத்தியரிடம் போங்கள். 0 முதல் 2 வரை வந்தாலும், இரண்டு வயதுக்கு முன் நிரப்பியிருந்தால் பிறகு ஒருமுறை நிரப்பவேண்டும்.

பெரிய குறை ஒன்று: குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தகப்பனும் பிந்திப் பேசியவர் என்றால், ‘எங்கட பரம்பரையே இப்படித்தான்’ என்று வீட்டார் அடையாளங்களை இயல்பாக எடுத்துவிடுவார்கள். உண்மையில் அதுதான் கூடுதலாகக் கவனிக்கவேண்டிய காரணம். இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கு பெரிது என்றே காட்டுகின்றன. ஆகவே தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் யார் பிந்திப் பேசினார்கள், யார் சத்தத்துக்குக் காதைப் பொத்துவார்கள் என்று தனித்தாளில் எழுதி, வளர்ச்சிப் பதிவேட்டுடன் கிளினிக்கில் கொடுங்கள்.