ஈஸ்ட் கோஸ்ட் பார்க்: ஒரு நாள் சைக்கிளில், ஒரு நாள் அப்பாவோடு நடந்து

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் நடப்பது நல்லதா, சைக்கிள் எடுப்பது நல்லதா என்று கேட்டால், முடிந்தவர்கள் இரண்டு நாள் ஒதுக்குங்கள் என்றுதான் சொல்வேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் மட்டும் சைக்கிளில் சுற்றினேன், அடுத்த செவ்வாய் காலை அப்பாவோடு நடந்தேன், இரண்டும் வேறு வேறு இடம்போல இருந்தன.

சைக்கிளை முதலில் சொல்லிவிடுகிறேன். பூங்கா 185 ஹெக்டர், கடலை ஒட்டி 15 கிலோமீட்டர் நீளம், நுழைவுக் கட்டணம் கிடையாது. பாதை அநேகமாகச் சமதளம்தான், அதனால் பல வருடம் சைக்கிள் தொடாதவர்கள்கூடத் தைரியமாக ஏறலாம். கிழக்கே மிதித்துக்கொண்டே போனால் சாங்கி விமான நிலையத்தின் ஓரமாகப் போகும் இணைப்புப் பாதை வரும், அங்கே ஆளுயரத்தைத் தாண்டிய டைனோசர் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன, பிள்ளைகள் இருந்தால் இதற்காகவே போகலாம். மேற்கே போனால் மரினா அணைக்கட்டு வரை போய்விடலாம்.

வாடகை சைக்கிள் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எனக்குக் கிடைத்த வண்டியில் சீட்டைப் பிடிக்கும் நட்டு சரியாக இறுகவில்லை. ஏறி உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சீட்டு இறங்கிவிடும், முழங்கால் மார்பைத் தொடும், இறங்கி ஏற்றி மறுபடி உட்கார வேண்டும். கடையோ மூன்று கிலோமீட்டர் பின்னால். காசு கட்டுமுன் கடை வாசலிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். அப்புறம் வார இறுதி மாலையில் போகாதீர்கள். சைக்கிளுக்குப் பெரும்பாலும் தனிப் பாதை இருந்தாலும், புதிதாக ஓட்டப் பழகும் குழந்தைகள் குறுக்கே வந்துவிடுவார்கள், பயமாக இருக்கிறது.

நடந்த நாள்தான் எனக்கு மனதில் நிற்கிறது. 2024 ஜூனில் மரின் பரேட் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்த பிறகு போய்வருவது சுலபமாகிவிட்டது, நிலையத்திலிருந்து நடந்து, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையைத் தாண்டினால் கடல். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் அப்பா நின்றுவிட்டார். "இங்கேதான்டா கடல் இருந்தது, நான் நீச்சல் பழகினது இந்தப் பக்கம்தான்" என்றார். அவர் சின்ன வயதில் பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், வளர்ந்தவர். 1966இல் தொடங்கிய நிலமீட்பில் பிடோக், சிக்லாப் பக்கக் குன்றுகளை வெட்டி, மண்ணை கன்வேயர் பெல்ட்டில் கடலுக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். மரின் பரேட் வீடமைப்புப் பேட்டை, விரைவுச்சாலை, இந்தப் பூங்கா எல்லாமே அந்த மண்மேல் நிற்பவை. பாடத்தில் படித்ததுதான், ஆனால் அப்பா பக்கத்தில் நின்று கையை நீட்டிக் காட்டும்போது வேறு மாதிரி உறைக்கிறது.

சவுக்கு, தென்னை, வாதாம் மர நிழலில் மெதுவாக நடந்து பிடோக் படகுத்துறைக்குப் போனோம். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள், சைக்கிளில் வந்தாலும் இறங்கி உருட்டிக்கொண்டு கடைசிவரை போங்கள். கம்பிக்கிராதி நெடுக தூண்டில்கள் சாய்த்து வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டி மணி. ஆள் நாற்காலியில் கண் மூடிக் கிடக்கிறார், மணி கிணுகிணுத்ததும் எழுந்து ஓடுகிறார். சிமென்ட் தரையில் காய்ந்த செதில்கள் வெயிலில் மினுங்கின. அப்பா அங்கே முக்கால் மணி நேரம் நின்றார், நான் அவசரப்படுத்தவில்லை.

தண்ணீர் தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், கலங்கல்தான். பத்து மணிக்கு மேல் வெயில் தாங்காது, ஏழு மணிக்கே அங்கே இருந்தால் நல்லது. லகூன் உணவங்காடி நிலையத்தில் கடலைப் பார்த்தபடி சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) சாப்பிட ஆசைப்பட்டால் மாலையில்தான் போக வேண்டும், காலையில் பல கடைகள் திறப்பதில்லை.

இன்னொன்று. இந்தக் கரைக்கு எதிரே கடலில் ஏறக்குறைய 800 ஹெக்டருக்கு நிலம் மீட்கும் 'லாங் ஐலண்ட்' திட்டத்தை 2023 நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. கடல்மட்டம் உயரும்போது கரையைக் காக்க அது தேவை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அது வந்தால் பூங்காவுக்கு முன்னால் இருக்கப்போவது நீர்த்தேக்கம், கடல் இன்னும் தள்ளிப் போய்விடும். அதனால்தான் எல்லாரையும் இப்போதே போகச் சொல்கிறேன், அதுவும் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு. படகுத்துறை முனையில் நின்று அப்பா நங்கூரமிட்டிருந்த கப்பல்களை விரல் விட்டு எண்ணினார். முப்பத்தொன்று வரை வந்தது, அதற்குமேல் வெயில் கண்ணைக் கூசியது.