ஊர் லீவில் ஸ்கேன்: ரிப்போர்ட் கைக்கு வரும் ராத்திரி

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்து லண்டனில் இருப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), பிறகு கடிதத்துக்காகக் காத்திருப்பு. லீவுக்கு ஊர் வந்து சென்னையில் எடுத்தால் அந்தக் காத்திருப்பு அநேகமாகக் கிடையாது. காலையில் எடுத்தால் பல இடங்களில் சாயங்காலமே ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்து விழும். வசதிதான். ஆனால் டாக்டர் பார்க்குமுன் நோயாளி பார்த்துவிடுகிறார். ராத்திரி 11 மணிக்கு ‘கிளினிக்கல் கோரிலேஷன் சஜஸ்டட்’ என்ற வரியைப் படித்துவிட்டு, விடியும்வரை கூகுளில் உட்கார்ந்திருப்பது இப்படித்தான். படத்தை மட்டும் பார்த்தவர், உடம்பைத் தொட்டுப் பார்க்கும் டாக்டர் பொருத்திப் பார்க்கட்டும் என்று எழுதும் வாடிக்கையான வரி அது.

அதனால் முதலில் டாக்டர் அப்பாயின்ட்மென்ட், அப்புறம்தான் ஸ்கேன் தேதி. டாக்டர் செவ்வாய் சாயங்காலம் பார்ப்பார் என்றால் திங்கள் மதியமோ செவ்வாய் காலையோ எடுங்கள். சனிக்கிழமை எடுத்தால் ஞாயிறு முழுக்க ரிப்போர்ட்டும் நீங்களும்தான். கவுண்டரில் உங்கள் நம்பருக்குப் பதில் கூட வருபவர் நம்பரைக் கொடுங்கள். ஃபேமிலி குரூப்பில் போட்டுவிடும் சித்தப்பா நம்பர் வேண்டாம்.

நாலு வார லீவு என்றால் ஸ்கேனுக்கு ஏற்றது இரண்டாவது வாரம். முதல் வாரம் தூக்கம் தாறுமாறாக இருக்கும், தூக்கமில்லாத உடம்பில் பயம் இரட்டிப்பாகும். கடைசி வாரத்திலும் கூடாது. மேமோகிராம் ரிப்போர்ட்டின் அடியில் ‘பைராட்ஸ்’ என்று ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் கவலையில்லை. 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் எடுக்க வேண்டும் அல்லது பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும் என்று அர்த்தம். புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பழைய படங்களைக் கையோடு கொண்டுவந்தால் 0 வருவது குறையும். 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 வந்தால் பயாப்ஸி, அதாவது கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிப்பது. அதன் முடிவுக்குச் சில நாள், மேல் பரிசோதனைக்கு இன்னும் சில நாள். விமானம் ஏற மூன்று நாள் இருக்கையில் இது வரக் கூடாது.

‘வந்ததே வந்தே, ஒரு பெட் ஸ்கேனும் எடுத்துடு’ என்று யாராவது சொல்வார்கள். கதிரியக்கச் சர்க்கரை மருந்தை ஊசியில் ஏற்றி, அது அதிகம் சேரும் இடங்களை ஒளிப்புள்ளியாகக் காட்டும் ஸ்கேன் அது; சிடி ஸ்கேனோடு சேர்த்து எடுப்பதால் பெட்-சிடி என்றும் சொல்வார்கள். ஆரம்பக் கட்ட நோய்க்குச் சிகிச்சை முடித்து, அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வழக்கமாக பெட்-சிடி எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012-லேயே சொல்லிவிட்டது. சமீபத்தில் போட்ட தடுப்பூசிகூட அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை ஒளிர வைக்கும். தேவையில்லாத ஒளிப்புள்ளி, தேவையில்லாத பயாப்ஸி.

டாக்டரே பெட் ஸ்கேன் கேட்டிருந்தால் 6 மணி நேரம் பட்டினி, வெறும் தண்ணீர் மட்டும். காபி கூடாது. ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊசியை அறுவை நடந்த பக்கத்துக் கையில் போட விடாதீர்கள். மருந்து கசிந்தால் அந்தப் பக்க அக்குள் முடிச்சு பொய்யாக ஒளிரும். மருந்தின் வீரியம் 110 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதியாகும், அதை இருப்பு வைக்க முடியாது. மருந்தைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இருக்கும் இடத்திலிருந்து வரும் வண்டி தாமதமானால் எல்லோருடைய நேரமும் தள்ளிப்போகும். உங்களுக்கு ஏதோ பிரச்சினை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊசிக்குப் பிறகு சுமார் ஒரு மணி நேரம் தனி அறையில் படுக்க வேண்டும். பயம் உச்சத்துக்குப் போவது அங்கேதான். பேச்சு, மெல்லுவது, போனைத் தேய்ப்பது எதுவும் கூடாது, வேலை செய்யும் தசை மருந்தை இழுத்துக்கொள்ளும். ஏசி குளிரில் நடுங்கினால் கழுத்தோரக் கொழுப்பும் ஒளிரும். போர்வை கேட்டு வாங்குங்கள். செய்யக்கூடியது மூச்சு ஒன்றுதான்: 4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விடுவது.

மேமோகிராம் அன்று அக்குளில் பவுடர், டியோடரண்ட் கூடாது, படத்தில், சந்தேகத்தைக் கிளப்பும் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரியும். எம்ஆர்ஐ என்றால் ஊக்கு, மெட்டி, தாலிக்கொடி எல்லாம் கழற்ற வேண்டும். அந்த அறை வாசலில் தாலியைக் கழற்றச் சொல்வது சிலரை ஸ்கேனைவிட அதிகமாகக் கலக்கிவிடும். முந்தின நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டி மாற்றிக்கொள்ளலாம். வருஷக்கணக்காகக் கழற்றாத மூக்குத்தியின் திருகாணி அவசரத்தில் வராது, நகைக்கடையில் முன்பே தளர்த்திக்கொள்ளுங்கள். மூடிய இடம் பயம் என்றால் புக் செய்யும்போதே சொல்லுங்கள். தூக்க மாத்திரையை டாக்டர்தான் எழுத வேண்டும்.

கிளம்புமுன் ஸ்கேன் படங்கள் பதிந்த சிடி தட்டைக் கவுண்டரிலேயே திறந்து பாருங்கள், பென் டிரைவிலும் ஒரு பிரதி கேளுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். இனிஷியலோடு ‘எஸ். கமலா, 56’ என்று மட்டும் அச்சடித்த ரிப்போர்ட்டை, கமலா சண்முகம் என்ற பெயரில் கோப்பு வைத்திருக்கும் வெளிநாட்டு ஆஸ்பத்திரி சேர்க்கத் தயங்கும். பிறந்த தேதியையும் போடச் சொல்லுங்கள்.