ஓடா, தகரமா, கான்கிரீட்டா?

பாலக்காட்டில் நான் தங்கிப் படித்த பழைய கல்லூரி விடுதியைப் புதுப்பிக்கப் போகிறார்கள். முன்னாள் மாணவர் கூட்டத்தில் மூன்று கட்சிகள்: கூரையைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுவது, தகரம் வேய்வது, இருக்கிற ஓட்டுக்கூரையையே செப்பனிடுவது. நான் மூன்றாவது கட்சி.

தகரம் மலிவு. அவ்வளவுதான். பங்குனி வெயிலில் அதன் அடியில் ஒரு மதியம் படுத்தவர் யாரும் அதற்குக் கைதூக்கவில்லை.

கான்கிரீட்காரர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. கணவாய்க் காற்று எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து வந்தால் ஓடு நகரும். ஆண்டுதோறும் ஆள் ஏற வேண்டும். ஆனால் 12 செ.மீ. தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவை நெருங்கும். மங்களூர் ஓடு 50 கிலோவைத் தாண்டாது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர் எதைச் சுமக்கக் கட்டப்பட்டதோ அதைத்தான் சுமக்கும். தளம் வேண்டுமென்றால் உள்ளே தூண்கள் எழுப்ப வேண்டும். பிறகு அது பழைய விடுதியா என்ன?

ஓட்டில் பெரும்பாலும் பழுதில்லை. பழுது கைமரத்திலும், ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரிலும்தான். கரையான் தின்றதை மட்டும் மாற்றினால் போதும். போன மாதம் ஓர் ஓட்டைத் திருப்பிப் பார்த்தோம்: பேசல் மிஷன், 1865. உடனே ஒருவர் கட்டடத்துக்கு அந்த வயதை எழுதிக்கொண்டார். அது பேசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவச் சபை மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கிய ஆண்டு. ஓடு எப்போது சுட்டதோ!

சுவர்ப் பூச்சிலும் இதே வழக்கு. சிமென்ட் சீக்கிரம் இறுகும், கொத்தனாரும் எளிதில் கிடைப்பார். ஆனால் அடியிலிருந்து ஏறும் ஈரத்தை அது வெளியே விடாது. எங்கள் படிக்கட்டுச் சுவரில் முன்பு பூசிய சிமென்ட்டை விரலால் தட்டினால் டொப் டொப் என்கிறது. பெயர்த்தால் செங்கல் பொடியும் வெள்ளை உப்பும் கூடவே வருகின்றன. சுண்ணாம்புப் பூச்சுக்கு நீற்றவும் காயவும் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். கோடை விடுமுறை முழுவதும் இருக்கிறதே.

ஒரே இடத்தில் கான்கிரீட் கட்சியோடு சேர்கிறேன்: கழிப்பறை. மாடியில் மரப்பலகைத் தரைமேல் குளியலறை கட்டி, கீழ் விட்டத்தை உளுக்க வைத்தது போதும். பின்பக்கக் கிணற்றடியில் தனிக் கட்டடமாக, சிமென்ட்டிலேயே கட்டட்டும். மழையில் நனையாமல் போய்வர ஒரு நடைக்கூரை போட்டால் சரி. அதற்கு ஓடு கேட்டு நான் சண்டை போட மாட்டேன்.